இறகுக் கூட்டத்தில் ஒரு கைதட்டல்

வயலின் வாத்தியார் கோட்ஹோல்ட் ட்ரெக்ஸ்லரின் கல்லறையில் அவர் பெயரைப் பொன் எழுத்தில் பொறித்துவிட்டு, அவரைத் தாங்களே வளர்த்துவிட்டதாகப் பாட்டுச் சங்கத்து ஆண்கள் பேசித் திரிகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜெர்மனியில் லைப்சிக்கில் சங்கீதம் படித்தவர். ஆஸ்திரேலியாவில் ஜெர்மன்காரர்கள் குடியேறிய எங்கள் டனுண்டாவுக்கு வந்து ஆறு வருஷம் கல்யாணத்துக்கு வால்ட்ஸ் நடனப் பாட்டு, சாவுக்குக் கோயில் பாட்டு என்று கேட்டதையெல்லாம் வாசித்தார். சொந்தமாக எழுதியதைச் சங்கத்தில் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தார். இரண்டு தடவையும் பாதியிலேயே பீர் எங்கே என்று சத்தம் போட்டார்கள். மூன்றாவதாக ஒன்று எழுதினார். இதுவும் எடுபடாவிட்டால் இனி எழுதப்போவதில்லை, கப்பலேறி ஹம்பர்க்கில் அண்ணனின் தோல் கடையில் உட்காரப் போகிறேன் என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். என் கணவருக்கு வாயில் எதுவும் தங்காது.

ஆண்கள் கேட்காவிட்டால் பெண்கள் கேட்கட்டுமே என்று, ஏர்னஸ்டினா அக்கா வீட்டு இறகுக் கூட்டத்துக்கு நான்தான் அவரை அழைத்தேன். இந்த ஊரில் ஜூலைதான் குளிர்காலம். அக்காவின் மகளுக்குச் செப்டம்பரில் கல்யாணம். சீதனப் போர்வைக்குள் அடைக்க இரண்டு குளிர்காலமாகச் சேர்த்த வாத்து இறகு. சமையலறைக் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு, பன்னிரண்டு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து காம்பைக் கிழித்துத் தூவியை எடுத்துக்கொண்டிருந்தோம். மூச்சுக்காற்று பட்டாலே தூவி பறந்துவிடும்; அந்த நேரத்தில் இருமக் கூடாது, சிரிக்கக் கூடாது, சட்டென்று எழுந்திருக்கக் கூடாது. ஆண்கள் எட்டிக்கூடப் பார்க்காத வேலை என்பதால் வாத்தியாருக்கு இது தெரியாது. முன்கூட்டியே சொல்லிவைக்க இந்த மடச்சிக்கும் தோன்றவில்லை.

வாசித்தார். இந்த நாட்டுக்கு வரும் வழியில் கப்பலில் செத்துப்போன என் தங்கை கண்முன் வந்து நின்றாள். அழவும் முடியவில்லை, மூக்கை உறிஞ்சினால் தூவி உள்ளே போய்விடும்.

முடித்துவிட்டு எங்களைப் பார்த்தார். ஒருத்தியும் அசையவில்லை. வயலினை மெதுவாகப் பெட்டியில் வைத்தார்.

"பரவால்லம்மா. கடைசிவரைக்கும் உக்காந்து கேட்டீங்களே, அது போதும்" என்று கதவுப் பக்கம் திரும்பினார்.

அக்கா உதட்டை அசைக்காமல், "கதவத் தொறந்துடாதீங்க வாத்தியாரே" என்றாள்.

"இருந்து என்னம்மா செய்ய? ஒரு கைகூடத் தட்டலையே."

விஷயம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. வாயைத் திறந்து விளக்கியிருக்கலாம். ஆனால் தோற்றுப்போன அந்த முகத்துக்குச் சமாதானம் சொன்னால் ஏறுமா? அக்கா மேஜை மேல் குவிந்திருந்த தூவியை ஒரு கணம் பார்த்தாள். உடைந்த காம்பைக்கூட வீணாக்காத கருமி அவள். இரண்டு கையையும் தூக்கி ஓங்கித் தட்டினாள். பிறகு நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று தட்டினோம்.

கூரை வரைக்கும் வெள்ளை. சூப்புப் பானையில், அடுப்பில், வாத்தியாரின் தாடியில் எல்லாம் தூவி. அவர் வாய் பிளந்து நின்றார். கண்ணீர் வழிந்த இடத்தில் தூவி ஒட்டிக்கொண்டது.

"இன்னொரு தடவ வாசிங்க" என்றாள் அக்கா. "இனிமே பறக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல."

மணப்பெண் அரைப் போர்வையோடுதான் புகுந்த வீடு போனாள். கல்யாணத்தில் அவள் வால்ட்ஸ் கேட்கவில்லை. அன்று சமையலறையில் வாசித்ததையே வாசிக்கச் சொன்னாள்.