மெருகக்கா

எங்கள் பட்டறையில் பித்தளைச் சாமான்களுக்கு மெருகு போடுகிறவளை எல்லோரும் மெருகக்கா என்றுதான் கூப்பிடுவோம். மங்கின உலோகத்தைக் கண்டால் அவளுக்குக் கை அரிக்கும். டீக்கடையில் உட்கார்ந்தால் அவர்கள் டம்ளரையும் தேய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் வருவாள். வீட்டுக்காரர் அதே பட்டறையில் உளி பிடித்துப் பூவும் கொடியும் செதுக்குகிறவர்; அவரை அண்ணன் என்போம்.

ஒரே மகள் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. அண்ணன் மனதில் இருந்த முகத்தைச் செம்புத் தகட்டில் மயிரிழைக் கோடுகளாகச் செதுக்கிச் சுவரில் மாட்டினார். "கறுத்தா கறுக்கட்டும், நீ மட்டும் கை வைக்காதே" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டார். செவிடன் காதில் ஊதின சங்குதான்.

"என் பிள்ளை முகத்துல அழுக்கு, நான் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணுமா?" என்று தினமும் பொடி போட்டுத் தேய்த்தாள்.

முதலில் இமை போனது, பிறகு உதடு. போன வாரம் நான் பார்க்கும்போது தகடு கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு கோடு மிச்சமில்லை.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "செதுக்கின கைதானே அண்ணே, இன்னொண்ணு செதுக்க வேண்டியதுதானே? கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க" என்றேன்.

"தகட்டையே பார்த்துப் பார்த்து நிஜ முகம் மறந்து போச்சுப்பா" என்றார்.

அக்கா பக்கம் திரும்பினேன். "நீயாவது சொல்லேன், பிள்ளை எப்படி இருப்பா?"

கையில் துணியோடு வெகுநேரம் யோசித்தாள்.

"பளிச்சுன்னு இருப்பா" என்றாள்.