பக்கம் மாறிய வேப்பமரம்

தல்லாகுளத்தில் மராமத்து ஆபீசில் கட்டடப் படம் வரைவது என் வேலை. கோணல் கோடு எனக்கு ஆகாது; மேஜையருகே யாராவது நின்று பேசினாலும் ஆகாது. ஆபீசில் எனக்குப் பேச்சுத்துணை இல்லாததற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

எங்கள் குழந்தை பிறந்த பதினோராம் நாள் இறந்தது. அதன்பின் நாகமலை புதுக்கோட்டையிலுள்ள பிறந்த வீட்டுக்குப் போன என் மனைவி திரும்பவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் போட்டால் மாமனார் தெருவே கேட்க உரக்கப் படிப்பார். அதனால் படம் அனுப்பினேன். பென்சிலில் வரைந்த தாளைப் பலகையில் ஒட்டி, அதன் மேலேயே சிற்றுளியால் செதுக்கி, அச்சு மை தடவி, வேறு காகிதத்தை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுப்பேன். அந்த வேலை இல்லாவிட்டால் வெறும் வீட்டில் என் மாலைகள் நகர்ந்திருக்காது.

முதலில் அனுப்பியது வண்டியூர் தெப்பக்குளத்து மைய மண்டபம். பலகையில் செதுக்கியது காகிதத்தில் இடம் வலமாக மாறித்தான் விழும். அந்த மண்டபம் எப்படி மாறினாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்தத் தைரியத்தில் எங்கள் வாடகை வீட்டையும் அப்படியே செதுக்கினேன். வாசல், இரண்டு படி, வலப்பக்கம் வேப்பமரம். அதன் கிளையில்தான் அவள் தூளி கட்டுவதாக இருந்தாள். வீடு அப்படியே இருக்கிறது, வா என்று சொல்ல நினைத்தேன். அடுத்தவன் படத்தில் நூலளவு பிசகைக் கண்டுபிடிக்கிறவன், மை காய்ந்ததும் என் படத்தைச் சரிபார்க்காமலே தபாலில் போட்டேன்.

ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு நிலத்து வழக்குக்காகக் கோர்ட்டுக்கு வந்த அவளுடைய அண்ணன் என்னை ஆபீஸ் வாசலுக்குக் கூப்பிட்டனுப்பினார். முகம் கொடுத்துப் பேசவில்லை.

“வேற வீடு பாத்துட்டீகளாம்ல மாப்ள. மரம் பக்கம் மாறி நிக்கிதுன்னு படம் வந்ததுல இருந்து தங்கச்சி சரியாச் சோறு திங்கல. வீட்டுக்கு வேற ஆளும் வந்தாச்சோன்னு கேக்குது.”

அச்சு மாறித்தான் விழும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், “காயிதம் வந்த தூரந்தானே, ஆளு வர முடியாதா?” என்றார்.

முடியும். எட்டே மைல். ஆனால் போனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பயந்துதான் உளியைப் பிடித்தேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பலகையைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனேன். அவள் பாதியாக இளைத்திருந்தாள். பலகையில் மரம் இருந்த இடத்தை விரலால் தடவினாள்.

“இதுல சரியாத்தான் நிக்கிது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. குழந்தை போன அன்று வராத அழுகை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது பலகைக்குக் கை நீட்டினேன். தரவில்லை.

“இது இங்கன இருக்கட்டும். இனிமே காயிதம் வேணாம். நீங்க வாங்க.”

வெறுங்கையோடு எட்டு மைலும் நடந்தே வந்தேன். அடுத்த ஞாயிறு வரைக்கும் மாலைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.