மாதிரிக் கடிதத்தில் எழுதிய நிஜப் பெயர்

பள்ளியில் ஆங்கிலத்தில் மட்டும் தோற்ற நான், திருமணமாகிப் பத்து வருடம் கழித்து, அஸ்தினாபுரத்தில் வீட்டிலிருந்தபடியே பிளஸ் டூ ஆங்கிலத்துக்குத் தனித்தேர்வராகப் படித்தேன். பக்கத்து வீட்டு மேரி அக்காதான் தன் மகளின் கைடைக் கொடுத்து உதவினார்.

இரண்டாம் தாளில் புகார்க் கடிதம் வரும். பெயருக்குப் பதில் 'எக்ஸ் எக்ஸ் எக்ஸ்' என்றுதான் போட வேண்டும். எனக்கோ நிஜமாக நடந்ததை எழுதினால்தான் வார்த்தை வந்தது. மேரி அக்கா வீட்டு வாஷிங் மெஷின் தண்ணீர் தினமும் எங்கள் வாசலில் தேங்கும். நகராட்சி ஆணையருக்கு அக்காவின் பெயர், கதவு எண்ணோடு எழுதினேன். முகவரி எழுதிப் பழக நிஜக் கவரிலேயே போட்டு மேஜையில் வைத்தேன். ஆபீசுக்குக் கிளம்பிய கணவர், நான் மறந்துவிட்டதாக நினைத்து, ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் சேர்த்துவிட்டார்.

பத்தாம் நாள் நகராட்சி ஊழியர் அந்தக் கடிதத்தோடு அக்கா வீட்டு வாசலில் நின்றார். ஓடிப்போய், "சும்மா பிராக்டிஸுக்கு எழுதினது, அக்கா" என்றேன்.

"பிராக்டிஸுக்கு என் பேரு எதுக்கு சுதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பைப்பைத் திருப்பி விட்டிருப்பேனே."

எழுதும்போது உள்ளூர எனக்குச் சந்தோஷமாக இருந்ததை எப்படிச் சொல்வேன்?

தேர்வில் பாஸானதும் கைடைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "நீயே வச்சிக்கோ, இன்னும் யார் மேலயாவது எழுத வேண்டியிருக்கும்" என்றார் அக்கா. சிரிக்கவில்லை.

அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. இப்போது யார் மேல் குறை இருந்தாலும், செருப்பை மாட்டிக்கொண்டு நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன்.