படத்தில் சாவி வாங்கியவர்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரு தமிழ் நாளிதழில் நிருபராக இருந்தேன். லிங்கராஜபுரத்துத் தமிழ்க் கிறிஸ்தவச் சங்கம் ஒன்று, கடலூருக்குத் தெற்கே புயலில் அழிந்த மீனவ ஊரில் முப்பது வீடுகள் கட்டியிருந்தது. சாவி கொடுக்கச் சங்கத்தார் வேனில் போனபோது என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வழியில் இன்னும் மூன்று கடற்கரை ஊர்களைப் பார்ப்பதாக ஏற்பாடு.

தார்ப்பாய், பூசாத சுவர், மணலில் பாதி புதைந்த படகு. இறங்கினோம், பார்த்தோம், ஏறினோம். மூன்றாவது ஊருக்கு என் குறிப்பேட்டில் "அதேதான்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

நான்காவது ஊரில் பந்தல் போட்டிருந்தார்கள். வீடு யார் யாருக்கு என்பதை ஊர்ப் பஞ்சாயத்து முடிவு செய்திருந்தது. அங்கே எதையும் தலைக்கட்டுக் கணக்கில்தான் பிரிப்பார்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவன் இறந்தால் அந்தக் குடும்பம் கணக்கில் இல்லை.

சங்கச் செயலாளர் பட்டியலைப் பார்த்தார். "என்னங்க, ஒரு லேடி பேர்கூட இல்ல? புயல்ல புருஷன் போனவங்க யாருமே இல்லியா?"

"இருக்காங்க," என்றார் ஊர்த்தலைவர். "வூடு கெடைக்காதவங்களுக்குக் கவர்மெண்டு ரெண்டாவது லிஸ்ட்டு போடுது. அதுல வந்துடும்."

"போட்டோவுக்காவது ஒருத்தர் வேணும்ல. எல்லாமே மீசையா இருந்தா நம்ம டோனர்ஸ் என்ன நெனப்பாங்க?"

ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் புயலில் திரும்பவில்லை. இரண்டு மகள்களோடு பள்ளிக்கூட வராந்தாவில் இருந்தார்.

"வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்துடணுமா?" என்று கேட்டார்.

"ரெண்டு நிமிஷம்தாம்மா."

"அப்ப எனக்கு எதுக்கு இந்த வேல?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "நில்லுடி. பேப்பர்ல பாத்துட்டு சினிமாக்காரன் வந்து நிக்கப் போறான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்தார். படம் எடுத்தார்கள். சாவியை வரிசையில் அடுத்து நின்ற ஆளிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் நான்கடி தூரத்தில் நின்று அதைப் பார்த்தேன்.

மறுநாள் நாளிதழில் இடம் குறைவு. "புயலில் கணவரை இழந்த மீனவப் பெண், புது வீட்டின் சாவியைப் பெறுகிறார்" என்று படத்துக்குக் கீழே எழுதிக்கொடுத்தேன். படத்தில் தெரிந்தது அதுதான்.

ஆறு மாதம் கழித்து வேறொரு செய்திக்காக அந்தப் பக்கம் போனேன். அந்தப் பெண் அதே வராந்தாவில் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. வீடு கட்டி முடித்ததற்குச் சான்றாக, சங்கம் எங்கள் செய்தியைக் கத்தரித்துத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தது. இரண்டாவது பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி அவர் மூன்று முறை போயிருக்கிறார்.

"அங்க கிளார்க்கு ஃபைலத் தொறந்து, 'இது நீதான?'ன்னாரு. நாந்தான்னேன். 'கையில சாவி இருக்குது, அப்பறம் என்ன?'ன்னாரு. படத்துல இருக்கறத எப்படி சார் இல்லன்னு சொல்றது?" கோபமில்லாமல் சொன்னார். "நீங்கதான எழுதனீங்க. அந்த வூடு எனக்கில்லன்னு எழுதிக் குடுங்க."

எழுதிக் கையெழுத்திட்டேன். இருவருமாகப் போய்க் கொடுத்தோம். எழுத்தர் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "பேப்பர்ல வந்ததுக்கு பேப்பர்லயே மறுப்பு வரணும் சார். இத நான் எந்த ஃபைல்ல வெக்கறது?"

பெங்களூர் திரும்பியதும் செய்தி ஆசிரியரிடம் சொன்னேன்.

"அந்தம்மா சாவி வாங்கினாங்களா, இல்லியா?"

"வாங்கினாங்க."

"அப்ப என்னப்பா திருத்தம் போடறது? நாமளே பொய் போட்டோம்னா? விடு."

விட்டேன். இரண்டாவது பட்டியல் வெளியானதும் தாலுகா அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. அவருக்குக் கடிதம் எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அதற்குள் அவருக்கே தெரிந்திருக்கும் என்று எழுதவில்லை.