மூக்கைத் தொடக் கூடாது

தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு உறைக்காது. வெளியிலிருந்து வருகிறவர்கள்தான் மூக்கைப் பொத்துவார்கள். வெள்ளைக்காரக் கலெக்டர் எங்கள் தெருவைக் கடக்கும்போதெல்லாம் முகத்தில் கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் போவார்.

அந்த வருஷத் திருவிழாக் கூத்தில் கட்டியக்காரன் அதைப் பிடித்துக்கொண்டான். ராஜாவைக் கிண்டல் செய்வதுதானே கட்டியக்காரன் வேலை! கிரீடத்தோடு ராஜா வேஷக்காரர் வந்து நின்றதும், இவன் மூக்கில் துணியை வைத்துக்கொண்டு, "இன்னா ராசா, உன் ஜனம் நாறுது, அவன் கட்ற வரி மட்டும் மணக்குதா?" என்றான். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். "கூத்துல எவனும் கைக்குட்டை எடுக்கக் கூடாது, மூக்கையும் தொடக் கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டு, அன்றைய கூத்துக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

ராஜா வந்தார். கட்டியக்காரன் கையைக் கட்டிக்கொண்டு, வாய் திறக்காமல் நின்றான். அப்போது தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகளின் பக்கமிருந்து காற்று திரும்பியது. இன்ஸ்பெக்டர் தன்னை மறந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. நானும்தான்.

அவர் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டார். விளக்கைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

நாற்றம் தாங்காதது அவருக்கு; விலங்கு கட்டியக்காரனுக்கு. விடிந்ததும் கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை.

இப்போது தெருவில் போலீஸ் தலை தெரிந்தால், சளி பிடித்தவன்கூட மூக்கைத் துடைப்பதில்லை. ஒழுகவிட்டுக்கொண்டு நிற்கிறோம்.