பக்கத்தில் நடந்தவர்

இன்று கிளினிக்குக்கு சல்லிக் கிராமத்திலிருந்து ஓர் அக்கா கணவரோடு வந்தார். நுரையீரல் இரத்தக்குழாயில் அழுத்தம் கூடிய நோய்.

"நடந்தா மூச்சு வாங்குதோ?"

"இல்லை டொக்டர். சந்தைக்கும் நடந்துதான் போறனாங்கள்."

வராந்தாவில் நடக்கவைத்துப் பார்த்தேன். கணவரும் எழும்பி, கோயில் வீதி சுற்றுவதுபோல் பக்கத்தில் மெல்ல நடந்தார்.

"அண்ணை, நீங்கள் இருங்கோ. அவா தனிய வேகமா நடக்கட்டும்."

பாதி வராந்தாவிலேயே அக்கா சுவரைப் பிடித்தார். உதடு நீலம்.

இவ்வளவு நாளும் அவரோடு மெல்ல நடந்ததால் மூச்சு வாங்குவது தெரியாமலே இருந்திருக்கிறது. மருந்தைக் கூட்டி எழுதினேன்.

கணவர் கேட்டார்: "அப்ப நான் மெல்ல நடந்ததுதான் பிழையோ?"

"இல்லை அண்ணை. எப்பவும் அப்பிடியே நடங்கோ. இங்க வந்தா மட்டும் கதிரையில இருங்கோ."

என் வீட்டுக்காரர் எப்போதும் பத்தடி முன்னால்தான் போவார். எனக்கு இந்த நோய் வந்தால் உடனே பிடிபடும்.

உங்கள் வீட்டில் எப்படி?