எட்டாவது கோப்பை

எழுபத்தாறாம் ஆண்டோ எழுபத்தேழோ, சரியாக நினைவில்லை. அக்டோபர் மாதம், சிட்னியில் வசந்தகாலம். இடம் நார்த்மீட்டில் ஒரு தமிழ் டொக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசை. இத்தனை காலம் கழிந்த பிறகும் அந்த மேசையை நினைத்தால் எனக்குக் கன்னம் சுடுகிறது. வெட்கத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். கோபத்தில்தான்.

அப்போது நான் பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தேன். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. கையில் ஒரு குழந்தை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இன்றைக்கு மாதிரி அன்றைக்குத் தெருவுக்குத் தெரு தமிழ்க்குரல் கேட்காது. வார்டில் ஆங்கிலம், கடையில் ஆங்கிலம், பஸ்ஸில் ஆங்கிலம். வாய் நிறையத் தமிழ் பேசுவதற்கு எனக்கு இருந்தது ஒரேயொரு வீடு. அது இந்த டொக்டரின் வீடு.

டொக்டரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சும்மா வாய்க்கு வந்த அக்கா இல்லை. எனக்குப் பிள்ளை பிறந்தபோது பத்தியக் கறி காய்ச்சி, பஸ் பிடித்துக் கொண்டுவந்து, ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தவர். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லையென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் அங்கே போய்விடுவேன். குசினிக்குள் அடுப்படியில் நின்றபடி ஊர்க்கதை பேசிப் பேசி இரண்டு பேருக்கும் பொழுது போவதே தெரியாது. அந்த வீட்டை இழந்தால் எனக்கு இந்த நாட்டில் வேறு நாதியில்லை என்று அப்போது உண்மையாகவே நம்பினேன்.

அக்காவின் தெருவில் வெள்ளைக்காரப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வசந்தம் பிறந்ததும் ஒருவர் மாறி ஒருவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைப்பார்கள். சாப்பாடு என்னவோ குளிர்ந்த கோழியும் உருளைக்கிழங்குச் சாலட்டும்தான். அங்கே பேச்செல்லாம் மேசையைப் பற்றியது. யார் என்ன பூ வைத்தார்கள், எந்த விரிப்பு விரித்தார்கள், பீங்கான் எந்த ரகம் என்று வருடம் முழுக்கப் பேசுவார்கள். அந்த வருடம் முதல்தடவையாக அக்காவின் முறை வந்தது. மனுசிக்கு ஒரு மாதமாக நித்திரை இல்லை.

அதற்கென்றே எட்டுப் பேருக்கான போன் சைனா செட் ஒன்று வாங்கினார். பால் வெள்ளை, விளிம்பில் மெல்லிய தங்கக் கோடு, நடுவில் குட்டிக் குட்டி ஊதாப் பூக்கள். மேசை போடும் வேலையை என்னிடம்தான் தந்தார். கொழும்பில் தாதிப் பயிற்சியின்போது பணக்கார நோயாளிகளுக்குத் தட்டு அலங்கரித்து வைக்க எங்களைப் பிழிந்து எடுத்துப் பழக்கியிருந்தார்கள். துணியைத் தாமரை மொட்டாக மடிப்பேன். கத்தி, முள்ளுக்கரண்டி எல்லாம் கோடு போட்டது போல நிற்கும்.

பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டு அன்று காலையிலேயே போய்விட்டேன். பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் என் கையால் கழுவி, துடைத்து வைத்தேன். எட்டுச் சாப்பாட்டுப் பீங்கான், எட்டுச் சாசர், எட்டுக் கோப்பை. அதில் ஒரு கோப்பையில் கைப்பிடிக்குப் பக்கத்தில் தங்கக் கோடு ஓர் அரிசியளவுக்கு விட்டுப் போயிருந்தது. அதை என் இடத்துக்கென்று எடுத்துவைத்தேன். விருந்தாளிகளின் கண்ணில் அது பட்டால் அக்காவின் மனம் நோகுமே என்றுதான்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி தன் தோட்டத்து ஸ்வீட் பீ பூக்களைக் கைநிறையக் கொண்டுவந்தார். அறுபது வயதுக்காரி, கணவரை இழந்தவர், கலகலப்பான மனுசி. கோப்பை ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்னால் விரலை வைத்துக் காட்டினார். விரலின் நிழல் தெரிந்தது. மாட்டெலும்பைச் சுட்ட சாம்பலை மண்ணோடு கலந்து செய்வதால்தான் இப்படி ஒளி ஊடுருவுகிறது, அதனால்தான் போன் சைனா என்று பெயர் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா வெள்ளிக்கிழமைகளில் முட்டைகூடத் தொடமாட்டார். அவர் அப்போது உள்ளே சேலை மாற்றிக்கொண்டிருந்தார். பாவம், ஆசையாக வாங்கியிருக்கிறார், எதற்கு வீணாக அருவருப்பை ஏற்படுத்துவான் என்று நான் வாயே திறக்கவில்லை.

மேசையைப் பார்த்ததும் வந்தவர்கள் எல்லாரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்மணியோடு சேர்த்து வெள்ளைக்காரப் பெண்கள் நான்கு பேர், அக்கா, நான், ஒரு தமிழ் எஞ்சினியரின் மனைவி, மெல்பேர்னிலிருந்து வந்து நின்ற அக்காவின் உறவுக்கார அன்ரி ஒருவர். மொத்தம் எட்டுப் பேர். அக்கா பெருமை தாங்காமல் என் தோளில் கை போட்டு, "இவள் என்ர தங்கச்சி மாதிரி. எல்லாம் இவள்தான் செய்தவள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மெல்பேர்ன் அன்ரி என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீர் ஊரிலை எவடம்?"

யாழ்ப்பாணத்துத் தமிழர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரைத் தெரிந்துகொள்வதற்காக இதைக் கேட்பதில்லை. ஊரின் பெயரைச் சொன்னால் கோயிலடியோ சந்தையடியோ என்று வரும். பிறகு எந்த ஒழுங்கை, ஆருடைய மகள். படிப்படியாக இறங்கி உங்கள் சாதியில் வந்து காலை ஊன்றும்வரை விடமாட்டார்கள்.

அக்கா அதுவரை இதைக் கேட்டதில்லை. என் ஆங்கிலத்தையும் தாதி உடுப்பையும் பார்த்து அவராகவே ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஒளிக்கவும் இல்லை. ஒளிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? அன்ரிக்கும் நேராகவே சொன்னேன். கோயிலுக்குப் பின்பக்கத்துக் குடியிருப்பு. அப்பா பனையேறிக் கள்ளுச் சீவி எங்கள் ஐந்து பேரையும் படிப்பிச்சவர்.

"ஓ" என்றார் அன்ரி. அவ்வளவுதான். அந்த ஒரு "ஓ"வைக் கேட்டதும் எதிரே இருந்த எஞ்சினியரின் மனைவி தலையைக் குனிந்து கோழித்துண்டைத் தேடத் தொடங்கினார்.

சாப்பாடு முடிந்தது. அன்ரி எழுந்து எல்லாருடைய பீங்கான்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். என்னுடையதை மட்டும் தொடவில்லை. மறந்துபோனாராக்கும் என்று நானே எடுத்துக்கொண்டு எழுந்தேன். "நீர் இரும், இரும்" என்று அவசரமாகக் கையைக் காட்டிவிட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு குசினிக்குள் போனார். உள்ளே குசுகுசுவென்று ஏதோ பேச்சு. ஒரு தடவை அக்காவின் குரல் மட்டும் கொஞ்சம் உயர்ந்து அடங்கியது. எதற்காக உயர்ந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு தேநீர் வந்தது. தட்டில் ஏழு கோப்பைகள், ஊதாப் பூவும் தங்க விளிம்புமாக. அவற்றை அன்ரி பரிமாறினார். அக்கா பின்னால் வந்து என் முன்னால் ஒன்றை வைத்தார். பிக்னிக்குக்குக் கொண்டுபோகிற செம்மஞ்சள் பிளாஸ்டிக் கோப்பை.

"கோப்பை ஒண்டு உடைஞ்சு போச்சு பிள்ளை. கோவிக்காதையும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எப்போதும் நீ, வா, போ என்று பேசுகிறவர், அன்றைக்குத்தான் எனக்கு "கோவிக்காதையும்" என்று மரியாதை தந்தார்.

காலையில் நான் கழுவி வைத்த கோப்பை! என்னிடமே சொல்கிறார்! ஊரில் தேத்தண்ணிக் கடையில் மற்றவர்களுக்குக் கிளாஸ், எங்கள் அப்பாவுக்குப் பழைய சோடாப் போத்தல். வெளியே வெயிலில் நின்று குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்து வைக்கவேண்டும். சின்னப்பிள்ளையாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கடல் கடந்து, கண்டம் கடந்து வந்தேன். அந்தப் போத்தல் எனக்கு முன்னமே வந்து நார்த்மீட்டில் காத்திருக்கிறது. நிறம் மட்டும் செம்மஞ்சள். நான்கு வெள்ளைக்காரிகளும் அந்தக் கோப்பையில் குடிக்கலாம். வீட்டில் மாட்டிறைச்சி தின்கிற வாயால் குடிக்கலாம். என் வாய் படக்கூடாது. என்ன கொழுப்பு, என்ன திமிர் பாருங்கள்!

பிளாஸ்டிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நேராகக் குசினிக்குப் போனேன். அந்த எட்டாவது கோப்பை, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில், தன் சாசரின்மேல் கவிழ்ந்து இருந்தது. கைப்பிடியருகே அதே அரிசியளவு வெள்ளை. பிளாஸ்டிக்கில் இருந்ததைத் தொட்டிக்குள் ஊற்றினேன். என் கோப்பையை எடுத்துவந்து, கதிரையில் உட்கார்ந்து, மேசையிலிருந்த தேநீர்ச் சாடியைச் சரித்துத் தேநீரை வார்த்து, பால் விட்டு, சீனி போட்டு, ஆறுதலாகக் கலக்கினேன். ஒரு வாய் குடித்தேன்.

"அக்கா, இந்தக் கோப்பை மாட்டெலும்புச் சாம்பலிலை செய்தது. உங்களுக்குத் தெரியாதோ? பக்கத்து வீட்டு அம்மாவைக் கேளுங்கோ. மாட்டெலும்பை வாயிலை வைச்சுக் குடிக்கலாம், என்ர வாய் பட்டால் மட்டும் தீட்டோ?"

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அன்ரி தன் கையிலிருந்த கோப்பையைச் சட்டென்று கீழே வைத்தார். அந்தக் கோபத்திலும் எனக்கு அதைப் பார்க்க நல்ல சந்தோஷமாக இருந்தது, ஏன் பொய் சொல்வான்? பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒன்றும் விளங்காமல், ஏதாவது பிரச்சினையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். உதட்டுச் சாயம் விளிம்பில் அப்படியே இருந்தது. கழுவவில்லை. கவிழ்க்கவும் இல்லை. மேசை நடுவில், பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

பிறகு எஞ்சினியரின் மனைவி டெலிபோன் எடுத்தார். எனக்காகப் பேசத்தான் எடுக்கிறார் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். "என்ன இருந்தாலும் வெள்ளைக்காரருக்கு முன்னாலை எங்கட மானத்தைக் கப்பலேத்திப் போட்டீர்" என்றார். பிளாஸ்டிக் கோப்பையைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கும் ஒரு மானம் இருக்கிறது என்பது அந்த மனுசிக்குத் தோன்றவே இல்லை. போனைத் தொப்பென்று வைத்தேன். அக்காவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சும்மா பஸ் தரிப்பிடம்வரை நடந்துபோய்த் திரும்பி வருவேன்.

கிறிஸ்மசுக்குக் கொஞ்சம் முன்னால் பரமட்டாவில் கடையொன்றில் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்மணி என்னைக் கண்டார். விடாப்பிடியாகத் தன் வீட்டுக்குத் தேநீர் குடிக்க அழைத்தார். மறுத்துப் பார்த்தேன், விடவில்லை. ஒருநாள் போனேன். அக்காவின் வீட்டு வாசல் படலையைத் தாண்டும்போது தலையைத் திருப்பவில்லை.

அவர் என் முன்னால் தேநீரை வைத்தார். ஊதாப் பூ, தங்க விளிம்பு. கைப்பிடியருகே அரிசியளவு வெள்ளை.

இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன். விருந்துக்கு அடுத்த நாளே அக்கா சாசரோடு சேர்த்து வேலிக்கு மேலால் நீட்டித் தந்தாராம். தனிக் கோப்பை, வீட்டில் இருந்து பயனில்லை, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். எவ்வளவு நல்ல மனம் உங்கள் அக்காவுக்கு என்று அந்த மனுசி என்னிடமே சொல்கிறார்.

அப்படியென்றால், நான் குடித்த கோப்பையை அக்கா கழுவிக்கூட வீட்டில் வைத்திருக்க விரும்பவில்லை. என்னோடு சேர்த்து அதையும் வெளியே தள்ளியிருக்கிறார். எனக்குப் பத்தியக் கறி காய்ச்சிய அதே கை! அதுவரை, அன்ரியின் பேச்சைத் தட்டமுடியாமல்தான் செய்தார் என்று எனக்குள் ஒரு மூலையில் பூசி மெழுகிக்கொண்டிருந்தேன். அன்றோடு அதுவும் போயிற்று.

அந்தப் பெண்மணியிடம் முழுக்கதையையும் ஆங்கிலத்தில் சொன்னேன், போத்தலில் தொடங்கி. மானம் கப்பலேறினால் ஏறட்டும் என்று சொன்னேன். அவர் கேட்டு முடிந்ததும் எழுந்து, கோப்பையையும் சாசரையும் கழுவித் துடைத்து, பழைய பத்திரிகையில் சுற்றி என் கைப்பையில் வைத்தார். இந்தத் தெருவில் இது உன்னுடையது, வேறொருவருக்கும் சொந்தமில்லை என்றார்.

கோப்பை உடைந்துபோயிற்று என்று அக்கா சொன்ன பொய்யை அவரே கடைசியில் உண்மையாக்கிவிட்டார். அந்தச் செட்டில் இப்போது ஏழுதான். அதற்குப் பிறகு எத்தனை வசந்தத்துக்கு அந்த மேசையைப் போட்டாரோ, ஒவ்வொரு தடவையும் ஓர் இடம் வெறுமையாகத்தான் இருந்திருக்கும்.

கோபம் ஆறவில்லையா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இல்லை. ஆறவிடுகிற எண்ணமும் எனக்கில்லை. இப்போது அக்டோபர் வந்தால் நான் என் வீட்டில் மேசை போடுகிறேன். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களையும் அழைக்கிறேன். ஸ்வீட் பீ வைத்து, துணியைத் தாமரை மொட்டாக மடித்து, அந்த எட்டாவது கோப்பையைப் புதிதாக வந்தவரின் கையில்தான் முதலில் கொடுப்பேன். பால் வேண்டுமா, சீனி எவ்வளவு, இன்னும் கொஞ்சம் கேக் வைக்கட்டுமா என்று எல்லாம் கேட்பேன். ஊரிலே எவடம் என்று மட்டும் அந்த மேசையில் ஒருவரும் ஒருவரையும் கேட்கக்கூடாது.